மேற்கோள் எண்ணும் கூட்டாய்வு வலையும்: நாகர்கோவில் கல்லூரி நூலகத்திலிருந்து ஓப்பன்அலெக்ஸ் குறித்து ஒரு மதிப்பீடு

நாகர்கோவிலில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் நூலகத்தில் பணிபுரியும் என்னிடம் ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் கேட்பவற்றுள் முதலிடம் பெறுவது நூல் அன்று. "சார், எனக்க எச்-இன்டெக்ஸ் எவ்வளவுண்ணு ஒண்ணு பாத்துச் சொல்லணும்" என்பதே அந்த வேண்டுகோள். ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைக் கொண்டு கணக்கிடப்படும் எண் அது. பதவி உயர்வு விண்ணப்பம், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் வருகை, ஆய்வுத் திட்ட நிதிக்கான படிவம் என்று காரணம் மாறுமே தவிர, கேட்கப்படும் எண் மாறுவதில்லை. அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது, எடுத்ததை எவ்வளவு நம்புவது, வேதியியல் ஆசிரியரின் எண்ணையும் கணித ஆசிரியரின் எண்ணையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதுவது முறைதானா என்னும் கேள்விகளோடு சில ஆண்டுகளாகப் பல தரவுத்தளங்களைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஓப்பன்அலெக்ஸ் என்னும் இலவசச் சேவையையும், அதனோடு சேர்த்து நான் பயன்படுத்தும் வாஸ்வியூவர் என்னும் வரைபட மென்பொருளையும் பற்றியே இங்கு எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சந்தா கட்ட வசதியில்லாத ஒரு கல்லூரிக்கு இன்று கிடைப்பவற்றுள் இதுவே முதல் தேர்வு. ஆனால் பெயர்களைச் சரிசெய்யாமல் இதிலிருந்து ஓர் எண்ணையும் எடுத்து எழுதக் கூடாது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தான் நடத்திவந்த பெரிய ஆய்வுத் தரவுத் தொகுப்பை 2021 இறுதியில் நிறுத்தியபோது, அந்த இடத்தை நிரப்புவதற்காக அவர்ரிசர்ச் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2022 ஜனவரியில் தொடங்கியதுதான் ஓப்பன்அலெக்ஸ். பழைய அலெக்சாண்டிரியா நூலகத்தின் நினைவாக இந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப், ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட், மருத்துவக் கட்டுரைகளைத் தொகுக்கும் பப்மெட் முதலிய பல மூலங்களிலிருந்து தரவைத் திரட்டி, கட்டுரை, ஆசிரியர், நிறுவனம், ஆய்விதழ், பொருள் என்று தனித்தனிப் பதிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் மற்றதோடு இணைத்து, எவரும் எந்த நோக்கத்திற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பொது உரிமையில் வெளியிடுகிறார்கள். பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம் வெப் ஆஃப் சயின்ஸ் என்னும் கட்டணத் தரவுத்தளத்தின் சந்தாவை விட்டுவிட்டு இதன் பக்கம் வந்ததும், நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் தன் உலகத் தரவரிசையின் திறந்த பதிப்பொன்றை 2024 தொடக்கத்தில் இந்தத் தரவைக் கொண்டே வெளியிட்டதும் இதன் தகுதிக்குப் போதுமான சான்றுகள்.

எங்களைப் போன்ற கல்லூரிக்கு இதன் பெரிய நன்மை விலையின்மை மட்டுமன்று. சந்தா கட்டாதவருக்கு ஸ்கோபஸ் போன்ற கட்டணத் தளங்கள் ஆய்வாளர் பக்கத்தின் சுருக்கத்தை மட்டுமே காட்டுகின்றன. 112 மேற்கோள்கள் என்று ஓர் எண்ணைக் கண்டால், அந்த 112 கட்டுரைகள் எவை, எந்தத் துறையைச் சேர்ந்தவை, எந்த நாட்டிலிருந்து எழுதப்பட்டவை என்று திறந்து பார்க்க வழியில்லை. ஓப்பன்அலெக்ஸில் அந்த எண்ணின் மேல் சொடுக்கினால் கட்டுரைகள் வரிசையாக விரிகின்றன. அவற்றை ஆண்டு, நிறுவனம், நாடு, பொருள் வாரியாகப் பிரிக்கலாம். முழுப் பட்டியலையும் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். எண்ணைச் சொல்பவரிடம் அதற்கான கணக்கையும் கேட்க முடிகிறது என்பதால்தான் இந்தச் சேவையை நான் மற்றவற்றுக்கு முன்னே வைக்கிறேன்.

இனி, பெயர்கள். தமிழ்நாட்டு ஆய்வாளர்களின் மேற்கோள் கணக்கில் தரவுத்தளத்தின் தரத்தைவிடப் பெரிய சிக்கல் நம் பெயர் வழக்கம்தான். உலக ஆய்விதழ்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தையின் பெயரின் தலைப்பெழுத்துதான் உண்டு. தங்கராஜின் மகன் செல்வராஜ் தம் முதல் கட்டுரையை டி. செல்வராஜ் என்று வெளியிடுவார். கடவுச்சீட்டு எடுத்தபின் செல்வராஜ் தங்கராஜ் ஆவார். அடுத்த கட்டுரையை மேற்கோள் காட்டுபவர் எஸ். தங்கராஜ் என்று எழுதுவார். மகனின் உழைப்பு தந்தையின் பெயரில் வரவாகிவிடும். பெண்களுக்கு இது இன்னும் கடினம். திருமணத்திற்கு முன் தந்தையின் தலைப்பெழுத்தோடும், பின்னர் கணவரின் தலைப்பெழுத்தோடும் எழுதியவர்கள் எங்கள் கல்லூரியிலேயே பலர் உண்டு. இவற்றோடு ஆங்கில எழுத்துக்கூட்டலும் சேர்கிறது. எழில் என்ற பெயரில் வரும் ழகரத்தை ஒருவர் இரண்டெழுத்தாலும் மற்றவர் ஓரெழுத்தாலும் குறிக்கிறார். ஜெயா என்ற பெயரின் முதலெழுத்துக்கோ இரண்டு ஆங்கில எழுத்துகள் போட்டியிடுகின்றன. குமரி மாவட்டத்தில் ஒரே கிறிஸ்தவப் பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடைய மூன்று பேர் மூன்று கல்லூரிகளில் மூன்று துறைகளில் இருப்பது வியப்புக்குரியதன்று. கணினி அந்த மூவரையும் ஒருவராக்கிவிடவும் கூடும்.

இயற்பியல் துறையைச் சேர்ந்த ஒருவரின் கட்டுரைகள், சந்தா அடிப்படையில் இயங்கும் ஒரு தரவுத்தளத்தில் மூன்று தனிப் பக்கங்களாகச் சிதறிக் கிடந்தன. அவற்றுள் மிகச் சிறிய பக்கத்திலிருந்த எண்ணே அவருடைய பதவி உயர்வுப் படிவத்தில் ஏறிவிட்டது. மூன்றையும் ஒன்றாக்கித் திருத்தச் சொல்லி எழுதி, பதில் வந்து, படிவம் மாற்றப்படுவதற்குள் அவர் பட்ட மன வருத்தத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். இருபது ஆண்டு உழைத்தவர் தம் கட்டுரை தம்முடையதுதான் என்று நிறுவுவதற்கு இன்னொரு முறை உழைக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் நூலகத்தில் எண்ணுவது இரண்டாவது வேலை. பெயர் பார்ப்பதே முதல் வேலை.

ஓப்பன்அலெக்ஸும் இந்தச் சிக்கலிலிருந்து விடுபட்டதன்று. பெயர், இணையாசிரியர்கள், மேற்கோள்கள், ஆர்கிட் எண் ஆகியவற்றைக் கொண்டு கணினிநிரலே ஆசிரியர்களைப் பிரித்தறிகிறது. அந்த முறையில் பிழைகள் உண்டென்பது அனைவரும் அறிந்ததே. அதேபோல் பல பதிவுகளில் நிறுவனப் பெயர் விடுபட்டிருக்கும் என்பதும் இத்தரவைப் பயன்படுத்துவோர் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆயினும் திருத்தம் கோருவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கட்டணமும் இல்லை. இதற்கு உறுதியான மருந்து ஆர்கிட்தான். 2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த 16 இலக்க அடையாள எண்ணை எந்த ஆய்வாளரும் இலவசமாகப் பெறலாம். தலைப்பெழுத்து மாறினாலும், திருமணமானாலும், எழுத்துக்கூட்டல் மாறினாலும், கல்லூரி மாறினாலும் அந்த எண் மாறாது. முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே ஒவ்வொரு முனைவர் பட்ட மாணவருக்கும் நெறியாளர் இதைச் செய்வித்துவிட்டால், பின்னாளில் நூலகர்கள் செய்யும் வேலையில் பாதி குறையும்.

பெயர் சரியான பிறகு எண்ணுக்கு வரலாம். ஆசிரியர்கள் கேட்கும் எச்-இன்டெக்ஸை, அதாவது எச்-குறியீட்டை, 2005இல் முன்வைத்தவர் கலிபோர்னியாவின் சான் டியாகோவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ். ஒருவருடைய ஆறு கட்டுரைகள் முறையே 40, 18, 9, 6, 5, 2 மேற்கோள்களைப் பெற்றிருந்தால் அவருடைய எச்-குறியீடு 5. அதாவது குறைந்தது ஐந்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் அவருக்கு ஐந்து உள்ளன. கணக்கிட எளிது என்பதே இதன் புகழுக்கும் இதனால் விளையும் தீங்குக்கும் காரணம். முதல் கட்டுரைக்கு 40 மேற்கோள்களுக்குப் பதிலாக 400 வந்தாலும் இந்த எண் அசையாது. பணியில் மூத்தவருக்குப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். உயிரியல் துறைகளில் இந்த எண் இயற்பியலைவிட உயர்ந்திருக்கும் என்பதை ஹிர்ஷ் தம் கட்டுரையிலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். அவரே வைத்த எச்சரிக்கை படிவங்களில் ஏறவில்லை. எண் மட்டும் ஏறிவிட்டது.

துறைகளுக்கிடையே ஒப்பிட்டாக வேண்டுமென்றால், துறைவாரியாகச் சரிசெய்த மேற்கோள் விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களை, அதே உட்துறையில், அதே ஆண்டில், அதே வகையில் வெளிவந்த கட்டுரைகள் சராசரியாகப் பெற்ற மேற்கோள்களால் வகுப்பதே இதன் முறை. விடை 1 என்றால் உலகச் சராசரி. எடுத்துக்காட்டாக, சராசரியாக மூன்று மேற்கோள்களே கிடைக்கும் ஒரு கணிதப் பிரிவில் ஆறு பெற்ற கட்டுரையின் விகிதம் 2; சராசரி இருபதாக இருக்கும் ஒரு வேதியியல் பிரிவில் இருபது பெற்ற கட்டுரையின் விகிதம் 1. படிவத்தில் இருபது பெரிதாகத் தெரியும்; உண்மையில் தன் துறையில் கூடுதலாகக் கவனிக்கப்பட்டது அந்த ஆறுதான். ஓப்பன்அலெக்ஸ் இந்த விகிதத்தை ஒவ்வொரு கட்டுரைக்கும் இலவசமாகத் தருகிறது. கணிதத் துறைத் தலைவரிடம் இதை முதன்முதலில் காட்டிய நாளில் அவர் முகத்தில் தெரிந்த நிறைவு, இத்தனை கோப்புகளை நான் இறக்கியதற்குக் கிடைத்த கூலி. எனினும் நாலைந்து கட்டுரைகள் மட்டுமே எழுதிய ஒருவரின் சராசரியை ஒரே கட்டுரை தூக்கிவிடவும் தாழ்த்திவிடவும் முடியும் என்பதால், இளைய ஆசிரியர்களுக்கு இந்த விகிதத்தைத் தனியாக எழுதிக்கொடுப்பதில்லை. கட்டுரைப் பட்டியலோடு சேர்த்தே கொடுக்கிறேன்.

இந்தச் சேவையின் உண்மையான செல்வம் எண்ணில் இல்லை, இணைப்புகளில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையும் ஏறத்தாழ 4,500 பொருள்களுள் ஒன்றில் வைக்கப்பட்டு, அந்தப் பொருள்கள் 252 உட்துறைகளிலும், அவை 26 துறைகளிலும், அவை நான்கு பெரும் பிரிவுகளிலும் அடங்குமாறு அமைக்கப்பட்டுள்ளன. இந்த ஒதுக்கீட்டைச் செய்வதும் கணினியே. ஆகவே தனியொரு கட்டுரைக்கு வந்த துறைப் பெயரை அப்படியே நம்பாமல் தலைப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆனால் நூறு கட்டுரைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தெளிவான ஒரு படம் கிடைக்கிறது.

நம் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதும், அதிலுள்ள தோரியத்தால் அங்கு இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்திருப்பதும் இங்குள்ளோர் அறிந்த செய்திகள். அந்த ஊரின் பெயரைத் தலைப்பிலோ சுருக்கத்திலோ கொண்ட கட்டுரைகளைத் தேடி, பொருள் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். கதிர்வீச்சை அளக்கும் இயற்பியலாளர், மணலின் வரவை ஆராயும் புவியியலாளர், குரோமோசோம்களை ஆராயும் மரபியலாளர், கனிமத்தைப் பிரிக்கும் வேதியியலாளர் என்று பலரும் ஒரே கடற்கரையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று அடுத்த படியில் பார்த்தபோது, அருகருகே இருந்தும் ஒருவர் எழுத்தை மற்றவர் பார்க்காத இடங்கள் கண்ணில் பட்டன. ஓர் ஆய்வு மாணவருக்குத் தலைப்புக் கிடைப்பது அத்தகைய இடைவெளியில்தான். தேடும்போது ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலைக் கவனிக்க வேண்டும்: கன்னியாகுமரி என்பதை ஆங்கிலத்தில் ஒரு னகரத்தோடும் இரண்டு னகரங்களோடும் எழுதுகிறார்கள், பழைய கட்டுரைகளில் அது கேப் காமரின். குளச்சலுக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒரே வடிவத்தைத் தேடி நிறுத்தினால் பல கட்டுரைகள் விடுபட்டுப்போகும்.

ஒருவருடைய ஆய்வு எத்தனை துறைகளைத் தொடுகிறது என்பதையும் அளக்க வழி உண்டு. புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவ் உயிரினப் பன்மையை அளக்கும் வகையில் தந்த ஒரு கணக்கை, ஆண்ட்ரூ ஸ்டர்லிங் பின்னர் விரித்தெழுத, இன்று அது ராவ்-ஸ்டர்லிங் குறியீடு என்று வழங்குகிறது. எத்தனை துறைகள், அவற்றுக்கிடையே எவ்வளவு சமமான பங்கு, அந்தத் துறைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவு என்னும் மூன்றையும் அது ஒருசேரப் பார்க்கிறது. விலங்கியலையும் கடலுயிரியலையும் தொட்டவரைவிட, விலங்கியலையும் பொருளியலையும் தொட்டவருக்கு மதிப்பெண் கூடும். ஓப்பன்அலெக்ஸின் ஆசிரியர் பக்கத்தில் இது வருவதில்லை. இறக்கிய கோப்பிலிருந்து நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். எக்செல் தெரிந்தவர் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம்.

கூட்டாய்வை வரைபடமாகப் பார்ப்பதற்கு, லைடன் பல்கலைக்கழகத்தின் நேஸ் யான் வான் எக், லுடோ வால்ட்மன் ஆகியோர் உருவாக்கிய வாஸ்வியூவரைப் பயன்படுத்துகிறேன். இதுவும் இலவசம், ஓப்பன்அலெக்ஸ் தரவை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு வட்டம். சேர்ந்து எழுதியவர்களுக்கிடையே ஒரு கோடு. நெருங்கிய கூட்டங்களுக்கு ஒரே நிறம். நம் பெயர்ச் சிக்கலுக்கு இதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: டி. செல்வராஜ், செல்வராஜ் தங்கராஜ், எஸ். தங்கராஜ் ஆகிய வடிவங்களை ஒரே பெயராகக் கொள்ளுமாறு ஒரு சிறு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால், வரைபடத்தில் மூன்று வட்டங்கள் ஒன்றாகிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு கட்டுரையில் 25 பேருக்கு மேல் ஆசிரியர்கள் இருந்தால் அதை விட்டுவிடுவது மென்பொருளின் இயல்பான அமைப்பு. பெரிய பன்னாட்டு இயற்பியல் குழுக்களில் இருப்பவருக்கு இதை மாற்றிவைக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு கட்டுரையையும் ஆசிரியர்களிடையே பங்கிட்டு எண்ணும் முறையைத் தேர்ந்தெடுப்பதே நியாயமானது. இல்லையென்றால் பெரிய குழுவில் ஒரு முறை பெயர் வந்தவர் வரைபடத்தின் நடுவே வந்து உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் அறிவியல் துறைகளுக்கு அத்தகைய ஒரு வரைபடத்தை வரைந்தபோது, மேற்கோள் எண்ணில் நடுவரிசைக்கும் கீழே இருந்த ஒரு வேதியியல் ஆசிரியை தனித்துத் தெரிந்தார். முட்டம் கடற்கரைக் கடற்பாசிகளில் வேலை செய்யும் கடலுயிரியலாளர்களின் கூட்டம் ஒருபுறமும், திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்றின் வேதியியலாளர் கூட்டம் மறுபுறமும் இருக்க, இரண்டையும் இணைக்கும் ஒரே கோடு அவர் வழியாகச் சென்றது. அவரை எடுத்துவிட்டால் வரைபடம் இரண்டாகப் பிரிந்துவிடும். அதிகாலைத் தொடர்வண்டியில் மாதிரிகளைக் கொண்டுபோய் மாலையில் திரும்பிய அவருடைய பல ஆண்டு உழைப்புக்கு எச்-குறியீட்டில் இடமில்லை. துறைக் கூட்டத்தில் அந்தப் படத்தைச் சுவரில் காட்டினேன். வரைபடம் அழகாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும்; அமைப்பை மாற்றினால் படமும் மாறும். ஆகவே எந்த அமைப்பில் வரைந்தது என்பதை ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதிவைக்கிறேன்.

கூகுள் ஸ்காலரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2004இல் வந்தது, ஆய்வாளர் பக்கங்கள் 2011இல் அனைவருக்கும் திறக்கப்பட்டன. நூல்கள், ஆய்வேடுகள், கருத்தரங்கக் கட்டுரைகள் என்று வலை விரிவாக வீசுவதால் எண் பெரும்பாலும் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருக்கும். ஆசிரியர்கள் இதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் துறைவாரியான விகிதம் இல்லை. தரவை மொத்தமாக எடுக்க முறையான வழியும் இல்லை. போலிக் கட்டுரைகளை இணையத்தில் ஏற்றியே மேற்கோள் எண்ணை உயர்த்த முடியும் என்பதை ஸ்பானிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஒரு சோதனையில் செய்தே காட்டினார்கள். தேடுவதற்கு நல்ல கருவி, மதிப்பிடுவதற்கு அன்று. ஸ்கோபஸையும் வெப் ஆஃப் சயின்ஸையும் நாம் தவிர்க்க முடியாது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை அவற்றின் எண்ணையே எடுத்துக்கொள்கிறது. எனவே நான் தரும் சான்றில் எந்தத் தளம், எந்த நாள் என்று குறிப்பிட்டே எண்ணை எழுதுகிறேன்.

மனத்தை உறுத்தும் குறை ஒன்று உண்டு. எங்கள் தமிழ்த் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் நாட்டார் வழக்காறுகள் பற்றி எழுதிய நூல்களை ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் எத்தனையோ முறை நான் கண்டிருக்கிறேன். இந்தத் தளங்கள் எவற்றிலும் அவருக்கென்று ஒரு பக்கம்கூட உருப்படியாக இல்லை. தமிழ் ஆய்விதழ்கள் பலவற்றுக்கு, கட்டுரைகளை இணையத்தில் நிலையாக அடையாளம் காட்டும் டிஓஐ எண் இல்லை. தமிழ் நூல்களின் அடிக்குறிப்பை இத்தளங்கள் பெரும்பாலும் எண்ணுவதில்லை. மேற்கோள் அட்டவணைக்கு வித்திட்ட யூஜின் கார்ஃபீல்டு 1955இல் அதை முன்மொழிந்ததும், 1964இல் முதல் அட்டவணையை வெளியிட்டதும் அறிவியல் கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகவே. மனிதரை எடைபோடுவது அன்று நோக்கமாக இருக்கவில்லை. அதற்கும் முன்பே, 1948இல், நூலகப் பணிகளுக்குப் புள்ளியியலைப் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து நூலகரானவர். பயன்பாட்டிற்கே நூல் என்பது அவருடைய முதல் விதி. பயன்பட்டும் எண்ணப்படாத தமிழ் நூல்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவர் நினைவும் வருகிறது. கல்லூரிப் படிவத்தில் தமிழ்த் துறைக்கு நேரே சுழியம் எழுத நான் மறுத்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் "இத்தளத்தில் அளக்கப்படவில்லை" என்று எழுதி, அடிக்குறிப்புகளில் கண்ட மேற்கோள்களை என் கையால் தொகுத்த பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறேன்.

பயன்படுத்துவதற்கு ஓப்பன்அலெக்ஸ் எளிதுதான், ஆனால் முகப்பு முழுவதும் ஆங்கிலம். கைப்பேசியில் ஓர் ஆசிரியர் பக்கத்தைப் பார்க்கலாம். வடிகட்டி, பிரித்து, கோப்பு இறக்குவதற்கு மேசைக் கணினியே வசதி. வாஸ்வியூவர் பழக ஒரு வாரமாவது தேவை.

எங்கள் நூலகத்தில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஆர்கிட் பதிவும் பெயர்த் திருத்தமும் செய்து தருகிறோம். அருகிலுள்ள கல்லூரிகளின் ஆய்வு மாணவர்களும் வருகிறார்கள். வருபவர்கள் பட்டச் சான்றிதழில் உள்ள பெயரையும், இதுவரை அச்சான ஒவ்வொரு கட்டுரையிலும் தம் பெயர் எப்படி வந்திருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும்.